சகுனி பகடை உருட்டினான், சரி. தருமன் ஏன் போய் உட்கார்ந்தான்?

ஆற்காட்டிலிருந்து செய்யாறு போகிற வழியில் உள்ள எங்கள் பக்கத்து ஊர்களில், அறுவடை முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. தாம்பூலம் வைத்துப் பேசிய ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்து இறங்கி, முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்து எழுந்துவிட்டால் விடியும்வரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அதிலும் சூதாட்டமும் துகிலுரிதலும் வருகிற 'பகடை துகில்' கூத்து அன்றைக்குக் கூட்டம் தாங்காது. சகுனி வேஷம் திரையை விலக்கிக்கொண்டு வந்ததுமே பாட்டிமார் பக்கத்திலிருந்து சாபம் கிளம்பும்: "பாழாப் போனவன், இவனாலதான் எல்லாம்."

நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு, கேட்டாள்: "மாமா, சகுனி கூப்பிட்டா தருமர் ஏன் போனாரு?" என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. டீக்கடையிலும் கல்லூரி வகுப்பிலும் படம் பார்த்துவிட்டு வரும்போதும் நாம் சாதாரணமாகப் பேசுவது என்ன? 'வில்லன் கெட்டவன், அவன் பேராசை பிடித்து ஏமாற்றினான், நல்லவன் அழிந்தான்.' இதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை விட்டுவிட்டால் துன்பக் கதை எதுவுமே புரியாது என்பது என் எண்ணம். அதனால் அடியிலிருந்து பார்க்கலாம்.

துயரம் எல்லாம் துன்பியல் ஆகாது

பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு குடும்பம் போய்விட்டது என்று செய்தி படித்தால் நெஞ்சு பதறுகிறது. அது விபத்து, பெரிய துயரம். நாடகக்காரர்கள் சொல்கிற துன்பியல் அது இல்லை. துன்பியல் நாடகம் என்றால், மதிக்கத்தக்க ஒருவர் தானே எடுத்த முடிவுகளின் வழியாக, திரும்ப முடியாத அழிவுக்குப் போய்ச் சேர்கிற கதை. 'தானே எடுத்த' என்ற இடம்தான் முக்கியம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதைப் பற்றி எழுதும்போது, நாயகன் அப்பழுக்கில்லாத நல்லவனாகவும் இருக்கக் கூடாது, முழுக்கக் கெட்டவனாகவும் இருக்கக் கூடாது என்றார். அப்பழுக்கில்லாதவன் அழிந்தால் நமக்கு வெறுப்புதான் வரும். கெட்டவன் அழிந்தால் 'நல்லா வேணும்' என்று எழுந்து போய்விடுவோம். நடுவில் இருக்கிறவன், கிட்டத்தட்ட நம்மைப் போன்றவன், அவன் விழும்போதுதான் பயமும் இரக்கமும் ஒன்றாக வருகிறது.

நம் தொல்காப்பியமும் அழுகை எங்கிருந்து பிறக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது அவமானம், இழவு என்பது இழப்பு. அசைவு என்றால் முன்பிருந்த நிலை கெட்டுப் போவது, வறுமை எல்லோருக்கும் தெரிந்தது. பகடை துகில் கூத்தை இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். நாடு போகிறது, செல்வம் போகிறது, ராஜா அடிமையாகிறான், சபை நடுவில் ஒரு பெண்ணின் சேலையில் கை வைக்கிறார்கள். நாலு கதவும் ஒரே ராத்திரியில் திறந்துகொள்கிறது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: துன்பியலில் அழிவு வெளியிலிருந்து வந்து மோதுவதில்லை, நாயகனின் முடிவு வழியாக உள்ளே வருகிறது. அப்படியானால் வில்லனுக்கு அங்கே என்ன வேலை?

வட்டிக் கம்பெனி வாசலில்

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். சித்தப்பா ஓய்வு பெற்றபோது கையில் கொஞ்சம் பணம் வந்தது. மாதாமாதம் வங்கியைவிடப் பல மடங்கு வட்டி தருகிறோம் என்ற ஒரு கம்பெனிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஒருவர், தெரிந்த மனிதர்தான், அடிக்கடி வீட்டுக்கு வந்துபோனார். அவர் ஒருநாள்கூடச் சித்தப்பாவிடம் 'பணம் போடுங்கள்' என்று கேட்கவில்லை. புது வண்டியில் வந்தார், பெண்ணுக்கு எடுத்த நகையைக் காட்டினார், 'எல்லாருக்கும் சொல்றது இல்லைங்க, உங்களுக்குத் தெரிஞ்சா போதும்' என்று பாதியில் நிறுத்தினார். கடைசியில் கேட்டது சித்தப்பாதான்: "எனக்கும் சேர்த்து வாங்கித் தர முடியுமா?" முதல் சில மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. அப்புறம் ஆளும் இல்லை, கம்பெனியும் இல்லை.

சித்தப்பா கெட்டவர் இல்லை. மகள் கல்யாணத்துக்கு யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று நினைத்தவர். அந்த நினைப்பில்தான் அந்த மனிதர் கை வைத்தார். வஞ்சகம் வேலை செய்கிற விதம் முழுக்க இதற்குள் இருக்கிறது. வஞ்சகம் என்றால் வெறும் பொய் இல்லை. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கிற ஆசையையோ பயத்தையோ பிடித்துக்கொண்டு, நமக்கு வேண்டிய காரியத்தை அவர் கையாலேயே செய்ய வைப்பது. பொய் அதற்கு ஒரு கருவி, அவ்வளவுதான்.

பேராசை எங்கே ஆரம்பிக்கிறது

ஆசை எல்லோருக்கும் உண்டு, அதில் தப்பே இல்லை. துன்பியலில் வருகிற பேராசை வேறு. தன்னிடம் இருப்பது போதாது என்பதோடு நிற்காமல், அடுத்தவனிடம் இருப்பது அவனிடம் இருக்கக் கூடாது என்று நினைப்பது.

துரியோதனனுக்கு அஸ்தினாபுரத்தில் என்ன குறை? ராஜசூய யாகத்துக்கு இந்திரப்பிரஸ்தம் போகிறான், மயன் கட்டிய மண்டபத்தில் தரையைத் தண்ணீர் என்று நினைத்து ஆடையைத் தூக்குகிறான், தண்ணீரைத் தரை என்று நினைத்துக் கால் வைத்து விழுகிறான், பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவனைத் தூங்கவிடவில்லை. திரும்பி வரும்போது 'எனக்கும் இப்படி ஒரு மண்டபம் கட்டு' என்று கேட்டிருந்தால் அது ஆசை. அவனுக்கு வேண்டியது அவர்களுடையது. குறள் 171 இதைத்தான் பிடிக்கிறது: "நடுவின்றி நன்பொருள் வெஃகின் குடிபொன்றிக் குற்றமும் ஆங்கே தரும்." நியாயமில்லாமல் பிறர் பொருளை விரும்பினால் குடியே கெடும், பழியும் வந்து சேரும்.

ஆனால் பேராசைக்குத் தனியாக வலு கிடையாது. துரியோதனன் பொறாமையில் வெந்து சாகத் தயார் என்கிறானே தவிர, பாண்டவர்களை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வழி சொல்வது சகுனி. தருமனுக்குச் சூதாட்டம் என்றால் பிரியம், ஆனால் ஆடத் தெரியாது, கூப்பிட்டால் மறுக்கவும் மாட்டான் என்கிறான். இந்த மூன்று வார்த்தையில் சகுனியின் முழுத் திறமையும் தெரிகிறது. எதிரியின் படையை அவன் எண்ணவில்லை, எதிரியின் குணத்தை எண்ணினான்.

பொற்கொல்லனின் வாய்

வஞ்சகத்தை இன்னும் நெருங்கிப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் 'தேரா மன்னா' மனப்பாடம் செய்தோம், அதற்கு முன்னால் நடப்பதை வேகமாகத் தாண்டிவிட்டோம். அங்கேதான் பாடமே இருக்கிறது.

கண்ணகியின் ஒற்றைச் சிலம்பை விற்கக் கோவலன் மதுரைக் கடைவீதிக்கு வருகிறான். நூறு கொல்லர்கள் பின்னால் வர, சட்டை போட்டுக்கொண்டு, கையில் குறடோடு ஒரு பொற்கொல்லன் வருகிறான். பார்த்தவுடன் இவன் அரண்மனைக் கொல்லன் என்று கோவலன் மதிக்கிறான், அரசன் தேவிக்கு ஏற்ற சிலம்பு ஒன்றுக்கு விலை போட முடியுமா என்று கேட்கிறான். தோற்றத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. அந்தக் கொல்லனோ ராணியின் சிலம்பை ஏற்கெனவே திருடியவன். தன் திருட்டு வெளியே வருவதற்குள் பழியைப் போட ஓர் ஆள் வேண்டும், அதற்கு ஊர் பேர் தெரியாத ஒரு புதியவன் தானாக வந்து நிற்கிறான். தன் குடிசைப் பக்கம் கோவலனை இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகிறான்.

அரசனிடம் அவன் சொன்னதில் எவ்வளவு பொய் என்று பாருங்கள். சிலம்பு காணாமல் போனது உண்மை. ஒருவனிடம் சிலம்பு இருப்பது உண்மை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதும் உண்மை. அதுவும் இதுவும் ஒன்று என்ற ஒரே ஒரு முடிச்சுதான் பொய். நல்ல வஞ்சகன் உண்மைகளை அடுக்கி வைத்து, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கை வைப்பான். அதனால்தான் அவனைப் பிடிப்பது கஷ்டம்.

அடுத்தது இன்னும் பயங்கரம். காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்று சொல்கிறார்கள். அங்கேயே கதை திரும்பியிருக்கலாம். கொல்லன் சிரிக்கிறான். திருடர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணை உண்டு என்று பாடமே எடுக்கிறான். அந்தக் கலை தெரிந்தவன் பார்க்க எப்படியும் இருப்பான் என்பதுதான் அதன் சாரம். அதாவது, 'நல்லவனாகத் தெரிகிறான்' என்பது இப்போது அவன் திருடன் என்பதற்கே சாட்சியாகிவிட்டது. இதற்கு மேல் கோவலன் எப்படி நின்றாலும் குற்றவாளிதான். கூட்டத்தில் விவரமில்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கொல்லன் கையில் ரத்தமே இல்லை.

இந்தப் பகுதியிலிருந்து கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது: பேராசை வில்லனுக்கு இலக்கைக் கொடுக்கிறது, வஞ்சகம் வழியைக் கொடுக்கிறது. வழி எப்போதும் அடுத்தவர் மனதுக்குள்தான் போகிறது, செயலும் அடுத்தவர் கையால்தான் முடிகிறது.

கதவு எங்கே திறந்திருந்தது

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வரலாம். முதலில் அதைப் பாண்டியனிடம் கேட்போம், அப்புறம் தருமனிடம். பாண்டியன் நெடுஞ்செழியன் நீதி தவறாதவன் என்று பேர் வாங்கியவன். அவன் ஏன் விசாரிக்கவில்லை? இளங்கோ காரணத்தைச் சொல்லிவிடுகிறார். ஆடல் மகளிரின் ஆட்டத்தில் அரசன் மனம் போயிற்று என்று ராணி ஊடி, தலைவலி என்று சாக்குச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில் கொல்லன் காலில் விழுந்து சேதி சொல்கிறான். ராணியின் சிலம்பு கிடைத்துவிட்டது! அரசனுக்கு அந்த நொடியில் எது வேண்டுமோ அதுவே வந்து நிற்கிறது. "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று சொல்லிவிட்டு நடக்கிறான். 'ஆகில்' என்று ஒரு நிபந்தனை வைத்தான், நிபந்தனையைச் சரிபார்க்க ஆள் வைக்கவில்லை.

இப்படி நல்லவனிடம் இருக்கிற, வில்லன் நுழைய வசதியான அந்த இடத்துக்குக் கிரேக்கத்தில் ஹமார்த்தியா என்று பெயர். தமிழில் பிழை என்று சொன்னால் போதும். பாவம் என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். அம்பு குறி தப்புகிற மாதிரியான தவறு அது. குணத்தில் நல்லதாக இருப்பதுகூடப் பிழையாகலாம். தருமனைப் பாருங்கள், கூப்பிட்டவர்களுக்கு மறுப்பதில்லை என்ற விரதம் அவனுக்குப் பெருமை. சூது கெடுதல் என்று தெரிந்தும் அந்தப் பெருமைதான் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறது, கூடவே உள்ளுக்குள் ஆடுகிற ஆசையும். நாட்டைத் தோற்றான், தம்பிகளைத் தோற்றான், தன்னைத் தோற்றான், பிறகு திரௌபதியை வைத்தான். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு ஏது உரிமை என்று அவள் கேட்ட கேள்விக்குச் சபையில் பதில் இல்லை. வியாச பாரதத்தில் இன்னொன்றும் நடக்கிறது. திருதராஷ்டிரன் வரம் கொடுத்து எல்லாம் திரும்பக் கிடைத்து, ஊருக்குக் கிளம்பிப் பாதி வழியில் இருக்கும்போது மறுபடி கூப்பிடுகிறார்கள், தருமன் மறுபடி போகிறான். அப்போதுதான் 12 வருஷ வனவாசமும் ஒரு வருஷ அஞ்ஞாதவாசமும். சகுனியின் பகடை முதல் ஆட்டத்துக்குக் காரணம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஆட்டத்துக்கு?

இதே வேலையை ஷேக்ஸ்பியர் 'ஒதெல்லோ'வில் செய்கிறார். 1604-ல் லண்டனில் அரசவையில் நடிக்கப்பட்ட நாடகம். வெனிஸ் நகரத்துப் படைத்தளபதி ஒதெல்லோ, அவனுக்குக் கீழே இயாகோ. தனக்கு வர வேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டது என்ற ஆத்திரம் இயாகோவுக்கு. ரோடரிகோ என்ற பணக்காரப் பையனை ஆசை காட்டிக் காட்டி நகையும் காசும் கறக்கிறான், அது ஒரு பக்கம். காசியோ ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுப் போவதைப் பார்த்து, 'இது எனக்குப் பிடிக்கல' என்று வாய்க்குள் சொல்கிறான். என்ன என்று ஒதெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். சித்தப்பா வீட்டில் அந்தக் கம்பெனிக்காரர் பாதியில் நிறுத்தினாரே, அதே வித்தைதான். மீதிப் பாதியைக் கேட்கிறவனே நிரப்பிக்கொள்கிறான். அப்புறம் டெஸ்டிமோனாவின் ஒரு கைக்குட்டை காசியோ கைக்குப் போகும்படி இயாகோ செய்தது போதுமானதாகிவிடுகிறது, அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு ஒதெல்லோ மனைவியைக் கொன்றுவிடுகிறான்.

இந்த மூன்று கதைக்கும் சேர்த்து ஒரே குறள் போதும் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. 510: "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும். பாண்டியன் முதல் பாதி. இளங்கோவே அவனைச் சொல்லும்போது 'தேரான் ஆகி' என்கிறார், குறளின் அதே சொல். ஒதெல்லோ இரண்டு பாதியையும் ஒரே நாளில் செய்தான்: இயாகோவை ஆராயாமல் நம்பினான், தன்னை நம்பி வீட்டை விட்டு வந்த மனைவியைச் சந்தேகப்பட்டான்.

சுருக்கமாகச் சொன்னால் வில்லன் சாவி செய்கிறவன். பூட்டு நாயகனிடம் இருக்கிறது, அவனுக்கே தெரியாத இடத்தில்.

நமக்கு ஏன் தாங்க முடியவில்லை

கூத்தில் சகுனி வேஷம், கோமாளியாக வருகிற கட்டியக்காரனோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே தன் திட்டத்தை நம்மிடம் சொல்லிவிடும். இயாகோவும் தனியாக நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது கதைக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கிற இந்த நிலைக்கு நாடக முரண் என்று பெயர். தருமன் வேஷம் நிதானமாக வந்து உட்காரும்போது, 'போகாதய்யா' என்று கத்த வேண்டும் போல இருக்கும். எங்கள் ஊரில் கத்தியும் இருக்கிறார்கள். துகில் உரிகிற கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துச்சாதனன் வேஷம் சேலையில் கை வைக்கும். நடிக்கிறவருக்கும் தாங்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு, ரொம்பத் தாமதமாக, நாயகனுக்கு உண்மை தெரிகிறது. சிலம்பு உடைந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் கொல்லனைத் திட்டவில்லை, தேடவும் சொல்லவில்லை. "யானோ அரசன் யானே கள்வன்" என்றான். துன்பியலில் இந்த இடத்தைத்தான் நான் மிக உயர்வாக நினைக்கிறேன். பழியைப் போட ஒருவன் தயாராக இருக்கும்போது, அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். ஒதெல்லோவுக்கும் அந்த நிமிஷம் வருகிறது. இயாகோ மட்டும், ஏன் செய்தாய் என்று கேட்டால், இனி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

மண்ணில் கிடக்கிறவன்

கடைசி நாள் காலையில் படுகளம். கோயில் எதிரே திடலில் களிமண்ணால் பெரிய உருவம் செய்து மல்லாத்திப் போட்டிருப்பார்கள். அது சகுனி இல்லை. சகுனியைப் பதினெட்டாம் நாள் சகாதேவன் கொன்றுவிட்டான், அவனுக்கு எங்கள் ஊரில் சிலை கிடையாது. மண்ணில் கிடப்பது துரியோதனன்.

ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் கூத்து நடந்திருக்கும். தம்பிகள் எல்லோரும் போய், படை போய், தண்ணீருக்குள் ஒளிந்திருந்து தனியாக வெளியே வருகிற துரியோதனன், மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கட்டை வேஷத்தோடு நின்று பாடும்போது, அவனிடமும் ஒரு கதவு திறந்திருந்தது என்பது தெரியும். மயன் மண்டபத்தில் விழுந்தபோது கேட்ட சிரிப்பு. அதைத்தான் சகுனி பிடித்துக்கொண்டான். முதல் கதையில் வில்லனாக இருந்தவன் கடைசிக் கதையில் தானே அழிவின் நாயகனாகி நிற்கிறான்.

பொழுது விடிந்து, பீமன் வேஷம் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு, அந்த மண் உருவத்தின் தலைமாட்டில் காந்தாரி ஒப்பாரி வைத்தாள். பகடை துகில் அன்றைக்குச் சாபம் விட்ட பாட்டி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அக்கா மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "மாமா, பாட்டி இவனுக்கா அழுறாங்க?" என்றாள்.